எலும்பைக் கடித்தவள்

பலெர்மோவில் இன்றிரவு
செத்தவர்கள் பிள்ளைகளுக்கு இனிப்பு கொண்டு வருவார்கள்.
கடைசிப் பேருந்து பத்தரைக்கே போய்விடுவதால்
அவர்கள் வேலையை நான் பார்க்கிறேன்.
நுன்சியா, வயது நாற்பத்தொன்று,
பல் மருத்துவமனையில்
ஊரார் காறையைச் சுரண்டிப் பிழைப்பவள்.

அலமாரிக்குப் பின்னால் சர்க்கரைப் போர்வீரன்,
கையில் வாள், கன்னத்தில் ரோஸ் சாயம்.
சலவை இயந்திரத்துக்குள் பாதாம் மாவில் பிடித்த பழங்கள்:
மாதுளை, சப்பாத்திக்கள்ளிப் பழம்,
அழுகத் தொடங்கியதுபோல் புள்ளி வைத்த ஒரு பேரிக்காய்.
மகனின் இடது காலணிக்குள் டூத் பிரஷ்.
அதை வைக்கும்போது மட்டும் கை கூசியது,
மொய் எழுதிவிட்டு
ரசீது கேட்பவளைப் போல.

துருவியைக் காணவில்லை.
கெட்ட பிள்ளைகளின் பாதத்தைச் செத்தவர்கள் துருவுவார்களாம்,
எத்தோரே எங்கோ ஒளித்துவிட்டான்.
நாளைக்குப் பாலாடைக்கட்டி துருவ வேண்டும்,
இனிப்புக்குப் பின் அது ஒரு வாய் உள்ளே போனால்
பல்லுக்கு நல்லது.
இப்படித்தான், எதைத் தேடினாலும்
வேலை நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பகலில் நாற்காலியில் மல்லாந்திருப்பவர்களிடம் சொல்வேன்:
தின்பதைச் சாப்பாட்டோடு ஒரே மூச்சில் தின்றுவிடுங்கள்.
எவ்வளவு சர்க்கரை என்று பல் எடை போடுவதில்லை,
எத்தனை தடவை வந்து கதவைத் தட்டியது
என்றுதான் எண்ணிக்கொண்டிருக்கும்.
அவர்கள் மறுத்துப் பேசுவதில்லை.
வாய்க்குள் என் விரல் இருக்கும்.

அண்ணன் கலோஜெரோவிடம் இதைச் சொன்னதில்லை.
மீன் சந்தையில் அவனுக்கு இரவு வேலை,
தூக்கம் கண்ணைச் செருகாமலிருக்க
கன்னத்தில் ஒரு சோம்பு மிட்டாய்.
அது கரைந்ததும் இன்னொன்று,
படகு வரும்வரை, ஐஸ் உடையும்வரை, விடியும்வரை.
முப்பத்து நாலில் கடைவாய் காலி.
பிறகு முன்வரிசையும் ஒவ்வொன்றாக விடைபெற்றது.
எல்லாப் படத்திலும் உதட்டை மூடித்தான் சிரிப்பான்,
கல்யாணப் படத்திலும்.
போய் ஏழு வருஷம்.
பல்லால் அல்ல, ஸ்கூட்டரால்.

மணி இரண்டு.
மிச்சமிருப்பது எலும்புகள்.
பண்டிகைக்கென்று சுடும் வெள்ளை பிஸ்கெட்,
கிராம்பு மணக்கும், அடியில் கருகிய சர்க்கரைப் பீடம்.
பல் இருக்கிறவர் பட்டாணி தின்னலாம்,
இதைத் தின்னத் தாடையில் கல்தச்சன் வேண்டும்.
ஊறவைத்துத் தின்னுங்கள் என்று
இந்த வாரம் மட்டும் முப்பது பேரிடம் சொன்னவள்
ஒன்றை எடுத்து அப்படியே கடித்தேன்.

கடக்.

கீழே, இடப்பக்கம், முதல் கடைவாய்ப் பல்.
துப்பிய உள்ளங்கையை அடுப்படி விளக்கில் நீட்டி
எது செத்தவர் எலும்பு, எது என்னுடையது என்று
வெகுநேரம் பிரித்துக்கொண்டிருந்தேன்.
இரண்டும் ஒரே வெள்ளை.
என்னுடையதில் கிராம்பு வாசம் கொஞ்சம் கூடுதல்.

காலையில் வீடே இரைந்தது.
வீரன் அகப்பட்டான், வாள் உடனே வாய்க்குள் போனது.
மாதுளை அகப்பட்டது.
கடைசியாகக் காலணி.
"இது யார் வச்சது?"
"கலோஜெரோ மாமா."
எத்தோரே சுவரிலிருந்த படத்தைப் பார்த்தான்,
பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"அதான் புதுசாவே இருக்கு."

சிரித்தேன்,
உதட்டை மூடி.

பிறகு எலும்பைப் பாலில் ஊறப்போட்டோம்.
பத்து நிமிஷம் என்றேன்.
மூன்றாவது நிமிஷமே
விரலை விட்டுத் துழாவ ஆரம்பித்துவிட்டான்.